கோல் அடிக்காதவர்கள்

உதைபந்தாட்டச் செய்தி எழுதுவது பத்திரிகைத் தொழிலில் கடினமான வேலையன்று. எந்த அணி எந்த அணியை வென்றது, எத்தனைக்கு எத்தனை, கோல்களை யார் எத்தனையாவது நிமிடத்தில் அடித்தார்கள், கிண்ணத்தை வழங்கிய பிரதம விருந்தினர் யார். பிரதேசச் செய்திப் பக்கத்தில் ஒரு சுற்றுப்போட்டிக்கு ஆறு வரி ஒதுக்கப்படும். அவற்றில் இரண்டு வரி பிரதம விருந்தினருக்கே போய்விடும். மன்னார் நிருபர் தபாலில் அனுப்பும் செய்திகளைக் கொழும்பில் மேசையில் வைத்து வெட்டிச் சுருக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆறு வரிக்குள் ஸ்டொப்பரின் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டொப்பர் என்பது எங்கள் ஊர்ச் சொல். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்கிவிடுகிறேன். பின்களத்தின் நடுவில் நின்று, எதிரணியின் மிகச் சிறந்த முன்கள வீரனை மறித்து நிற்பவர் அவர். சில அணிகளில் அவர் திறமையால் மறிப்பார். சில அணிகளில் தோளால் மறிப்பார். எங்கள் கீரி அணியில், என் இளமைக் காலத்தில், இரண்டாவது வகை.

கீரி, மன்னார்த் தீவில் நகரத்தை அண்டியுள்ள ஒரு கரையோரக் கிராமம். கடற்கரையைப் பார்க்க இப்போது உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அக்காலத்தில் அங்கு வந்தவர்கள் இரு சாரார்தாம்: மீன் வாங்க வந்த வியாபாரிகள், பந்தாட வந்த அயலூர்க்காரர். தாழ்வுபாடு, பள்ளிமுனை, பனங்கட்டிக்கொட்டு, பேசாலை என்று தீவின் ஊர்ப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவருக்கு அது கோவில் திருநாள்களின் பட்டியலாகத் தோன்றும். எங்களுக்கு அது உதைபந்தாட்ட அணிகளின் பட்டியல். பள்ளிமுனையைப் பற்றி எழுதும் வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் அங்குள்ள பிரமாண்டமான பெருக்கமரத்தைப் பற்றித் தவறாமல் எழுதுவார்கள். அதை விடப் பெரியதான பள்ளிமுனை உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

எங்கள் ஸ்டொப்பர் எனக்கு அம்மான் முறையானவர். கரைவலைக்காரர். அதிகாலையில் வலையிழுத்துவிட்டு, மத்தியானம் உறங்கி, பின்னேரம் வெறுங்காலுடன் மைதானத்துக்கு வருவார். மணல் தரையில் அவர் அதிகம் ஓடியதே இல்லை. ஓடவேண்டிய தேவையும் அவருக்கு ஏற்பட்டதில்லை. ஆட்டம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களுக்குள் எதிரணியின் நட்சத்திர வீரன் ஒருமுறை அவர்மேல் மோதி விழுவான். அது விதி போல நடக்கும். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "தம்பி, நீ யாற்ற மகன்?" என்று கனிவோடு விசாரிப்பார். அவன் தகப்பன் பெயரைச் சொன்னதும் ஏதாவதோர் உறவுமுறை வந்துவிடும். தீவு சிறியது. "அப்ப நீ எனக்கு மருமகன் முறை. இந்தப் பக்கம் வராத ராசா" என்பார். பெரும்பாலான மருமக்கள் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சிரிப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அம்மான் செய்த இன்னொரு வேலை இருந்தது. ஊரவர் அவரைப் பின்தொடர்ந்ததன் காரணம் அதுவே. எங்கள் அணியில் எப்பொழுதும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஆடுவான். மெலிந்தவன், வேகமானவன், பந்து காலில் ஒட்டிக்கொள்ளும் வரம் பெற்றவன். அப்படியொருவனை எதிரணி எப்படி நிறுத்தும்? காலைப் பார்த்து அடித்துத்தான். அடி விழுந்த மறுகணம் அம்மான் தம் இடத்தை விட்டு மைதானத்தின் மறுமுனைக்கு நடந்து போவார். அடித்தவனின் அருகில் போய் நின்று ஏதோ சொல்வார். என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் கேட்காது. கையை ஓங்கமாட்டார். திரும்பி நடந்து வந்துவிடுவார். பிறகு அந்தப் பையனுக்கு ஓரளவு தூரம் வழி கிடைக்கும். அவன் வெட்டி ஆடுவான், கோல் அடிப்பான், மறுவாரம் அவன் பெயர் பத்திரிகையில் வரும். அவனுக்கு அந்த வழியை எடுத்துக் கொடுத்தவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் வலையிழுப்பார்.

ஊர் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கோல் அடித்தவனைக் கைதட்டிப் பாராட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் போய்ச் சூழ்ந்து நிற்பது ஸ்டொப்பரைத்தான். பெண்கள் அவருடைய மனைவியிடம் "அந்தாளுக்குக் கால் எப்படி?" என்று கேட்பார்கள். ஏழு பேர் ஆட்டம், ஒன்பது பேர் ஆட்டம், திருநாள்ச் சுற்றுப்போட்டி என்று எங்கு போனாலும், அடுத்த பருவத்துக்கு எந்தப் பெடியன் தேறி வருகிறான், அவனை எந்த முரடன் காப்பான் என்ற இரண்டு கேள்விகளையே சுமை லொறியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவோம். வென்றோமா தோற்றோமா என்பது தள்ளாடியைத் தாண்டுவதற்கு முன்னரே பேசி முடிந்துவிடும்.

அம்மானின் வலது முழங்கால் நாற்பது வயதுக்கு முன்னரே மடங்க மறுத்துவிட்டது. கோவிலில் முழந்தாளிடவேண்டிய நேரத்தில் அவர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பார். பங்குத்தந்தை ஒருபோதும் அதைக் குறித்துக் கேட்டதில்லை. அவரும் மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துகிறவர்தாமே.

1990க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை விரிவாக எழுதினால் இந்தக் கட்டுரை வேறொன்றாகிவிடும். ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார் ரயில் பாதை இல்லாமற் போனது. 2015 மார்ச்சில்தான் ரயில் மறுபடியும் தலைமன்னார் இறங்குதுறை வரை ஓடியது. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து எங்களோடு ஆட வந்தவர்களும், எங்கள் அம்மானோடு மோதி விழுந்தவர்களும், ஒரே கிழமைக்குள் புத்தளத்து அகதிகளானார்கள். எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். ஒரு மைதானம் எப்படி அழிகிறது என்பதை அப்பொழுதுதான் தெரிந்துகொண்டேன். குண்டு விழவேண்டியதில்லை. எதிரணி ஊரை விட்டுப் போனால் போதும்.

அம்மானும் மண்டபத்துக்குப் போனவர்தான். அங்கும் முகாமுக்குள் பந்து உருண்டது என்றும், முடமான காலோடு கோல் கம்பத்துக்குள் நின்றார் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன்.

நிற்க.

2012 ஜனவரியில் ரொறன்ரோவில் இருந்தேன். தம்பியின் குடும்பம் ஸ்காபரோவில். வெளியே கால்வைக்க முடியாத குளிர். தம்பியின் மகன் கனடாவில் பிறந்தவன். தமிழ் நன்றாகவே பேசுவான், எழுதத் தெரியாது. ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். அந்நகரில் மேப்பிள் லீவ்ஸ் அணியைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தெய்வம் 1967க்குப் பிறகு ஒரு ஸ்டான்லி கிண்ணத்தையும் அவர்களுக்கு அருளவில்லை என்பதை விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அவன் எனக்குச் சொல்லிவிட்டான்.

"பெரியப்பா, லீவ்ஸ் ரிக்கெற் வாங்க ஏலாது, விலை. நான் உங்களை மார்லீஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போறன். அதுதான் நல்லம்."

மார்லீஸ் என்பது லீவ்ஸின் கீழணி. அமெரிக்கன் ஹொக்கி லீக் என்ற இரண்டாம் நிலைத் தொடரில் ஆடுகிறது. மேலே போகக் காத்திருக்கும் இளைஞர்கள், மேலேயிருந்து இறக்கப்பட்டவர்கள், ஒருநாளும் போகப்போவதில்லை என்று தெரிந்தும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்ற மூன்று வகையினரும் அங்கே ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்கள். என் பெறாமகன் அவர்களில் ஒவ்வொருவரையும் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன். லீவ்ஸின் பெரிய நட்சத்திரங்களைக் குறித்து அவன் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வரவில்லை. இளைஞர்களில் அவனுடைய நம்பிக்கை நாசெம் காத்ரி என்ற லெபனான் வம்சாவளிப் பையன்மேல் இருந்தது. 2009இல் முதற் சுற்றில், ஏழாவது தெரிவாக லீவ்ஸ் எடுத்த பையன்; மேலும் கீழுமாக இழுபட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஜனவரியில் நகரம் முழுவதும் வேறொரு பெயரைப் பேசிக்கொண்டிருந்தது. கோல்டன் ஓர். ஐஸ் ஹொக்கி தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாகவேண்டும்: அந்த ஆட்டத்தில் அடிதடிக்கென்றே அணிக்கு ஒருவரை வைத்திருக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரணியின் முரடனோடு முகத்துக்கு முகம் குத்துச்சண்டை போடுவார். நடுவர்கள் உடனே தடுக்கமாட்டார்கள். ஓய்ந்தபின் இருவரையும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார வைப்பார்கள். ஓர் அப்படிப்பட்டவர். அவருக்கு இனி வேலையில்லை என்று லீவ்ஸ் அவரை மார்லீஸுக்கு இறக்கியது. அணியின் பொது முகாமையாளர் பிரையன் பேர்க் பத்திரிகையாளர்களைக் கூட்டி அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். இத்தகைய ஆட்கள் ஆட்டத்திலிருந்து மறைந்துபோனால், பயமின்றி ஒளித்து அடிக்கும் எலிகள் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். ஒருவரைப் பதவியிறக்கம் செய்யும் முதலாளி அவருக்காகவே கண்கலங்கிய பத்திரிகையாளர் மாநாட்டை என் தொழில் வாழ்க்கையில் வேறெங்கும் கண்டதில்லை.

பெறாமகன் எனக்கு அதை விளக்கத் தலைப்பட்டான். "பெரியப்பா, கெட்டிக்காரப் பெடியனை ஆராவது அடிச்சா, இவர் போய்..." நான் இடைமறித்தேன். "தெரியும் ராசா. போய் அருகில நின்று ஒரு சொல்லுச் சொல்லுவார்." அவன் வியப்போடு பார்த்தான். கீரிக் கதையை அன்றுதான் அவனுக்கு முழுமையாகச் சொன்னேன். பனியைப் பார்த்தே அறியாத ஒரு தீவுக்கும் பனியின்மேல் ஆடும் ஆட்டத்துக்கும் இடையில் இப்படியோர் உறவுமுறை இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அரங்கில் அன்றிரவு ஒரு சண்டை நடந்தது. இருவருடைய பெயரும் எனக்கு நினைவில்லை. பதினைந்து வினாடிகூட இராது. எழும்பி நின்று கூச்சலிட்டவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். சண்டை முடிந்து பெட்டிக்குள் போய் அமர்ந்தவர் ஒரு துவாயால் கையைச் சுற்றிக்கொண்டு, எங்கேயோ தொலைவில் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயம் வேறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வீடு திரும்பும் வழியில் காருக்குள் பெறாமகன் வேறொன்றைச் சொன்னான். அதற்கு முந்திய கோடையில், நான்கு மாதங்களுக்குள், அந்த வகை வீரர்கள் மூவர் இறந்துபோயிருந்தார்கள். 2011 மே மாதம் டெரெக் பூகார்ட், 28 வயது. வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்தது காரணம். ஓகஸ்டில் ரிக் ரிப்பியன், 27 வயது. நெடுநாள் மனச்சோர்வோடு போராடியவர். அம்மாத இறுதி நாளில் வேட் பெலாக், 35 வயது. ஏழு ஆண்டுகள் லீவ்ஸுக்காக ஆடியவர். பெலாக் ஒரு பகிடிக்காரர் என்றும், அவர் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது என்றும் பெறாமகன் சொன்னான். பின்பு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பூகார்டின் கணக்கை வீட்டுக்கு வந்ததும் கணினியில் எடுத்துப் பார்த்தேன். செய்தியாளன் புத்தி. தேசிய ஹொக்கி லீக்கில் 277 ஆட்டங்கள், மூன்றே மூன்று கோல்கள், தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரம் 589 நிமிடங்கள். ஏறக்குறைய பத்து மணித்தியாலம். அவருடைய மூளையைக் குடும்பத்தார் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிதைவு அந்த வயதுக்கு மிக அதிகமாக முற்றியிருந்ததைக் கண்டார்கள். நியூயோர்க் ரைம்ஸ் அவரைப் பற்றி 2011 டிசெம்பரில் மூன்று நாள் தொடராக வெளியிட்டிருந்தது. கோல் அடிக்காதவருக்கு ஆறு வரிக்கு மேல் ஒதுக்கிய பத்திரிகையை அப்போதுதான் பார்த்தேன். அதற்கும் அவர் சாகவேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதை நிதானமாக எழுதவேண்டும்.

டக்சன் பியூஸ்லஸ் மன்னார் பனங்கட்டிக்கொட்டுக்காரர். இலங்கைத் தேசிய அணியின் மத்திய பின்கள வீரர். அவரை நான் மேலே சொன்ன முரடர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. அவர் ஆட்டத்தைத் தெரிந்து ஆடியவர். ஆனால் ஸ்டொப்பர். அவர் தேசிய அணிக்கு ஆடுகிறார் என்றால், தீவின் ஒவ்வொரு மைதானத்திலும் பின்களத்தில் நிற்கும் ஒவ்வொரு பையனுக்கும் தான் நிற்கும் இடம் வீணான இடமன்று என்று பொருள்.

2021 ஒக்ரோபர் 1ஆம் திகதி மாலேயில் தெற்காசியக் கிண்ணப் போட்டி. இலங்கைக்கும் பங்களாதேசுக்கும் இடையிலான ஆட்டத்தைக் கீரியில் ஒரு கடைவாசலில், கைத்தொலைபேசி ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தோம். முதற் பாதி கோலின்றி முடிந்தது. அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உலகத் தரவரிசையின் அடியிலிருந்த அணிக்கு அதுவே சாதனை. இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் கழிந்திருக்கும். தண்ட எல்லைக்குள் பந்து டக்சனின் கையில் பட்டது. நடுவர் தண்ட உதை கொடுத்தார், டக்சனை வெளியேற்றினார். தோபு பர்மன் அதைக் கோலாக்கினார். எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடிய இலங்கை 0-1 எனத் தோற்றது.

கடைவாசலில் ஒருவரும் டக்சனைத் திட்டவில்லை என்று எழுத ஆசை. திட்டினார்கள். திட்டியவர்களில் ஒருவர், வலையை விட்டுவிட்டு வந்து பார்த்த ஒரு முதியவர், சிறிது நேரம் கழித்து, "கையை எங்க கொண்டுபோய் வைக்கிறது? கழற்றி வைச்சிட்டா ஆடுறது?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் ஸ்டொப்பர்.

மறுநாள் செய்தியில் டக்சனின் பெயர் இருந்தது. முதல் பத்தியிலேயே. ஸ்டொப்பர்களின் பெயர் செய்தியின் முதல் பத்திக்கு வர இந்த வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது.

2022 பெப்ரவரி இறுதியில் அந்தப் பெயர் மறுபடியும் செய்தியில் வந்தது. மாலேயில் கிளப் வலன்சியா அணிக்காக ஆடிக்கொண்டிருந்த அவர், அங்கேயே உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். வயது முப்பத்தொன்று. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். எழுதியவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியாது. அந்த விவாதத்தை இங்கே நடத்தும் எண்ணமும் எனக்கில்லை. வழியனுப்பப் பனங்கட்டிக்கொட்டுக்குப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். ஒருவரோடொருவர் பேசாத அணிகளின் பையன்கள் அருகருகே நின்றார்கள். அவர்களில் பின்களக்காரர் யார் என்று பெயர் தெரியாமலே என்னால் சொல்ல முடிந்தது. தோள்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றிரவு ஸ்காபரோவிலிருந்து பெறாமகன் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, அவரும் ஸ்டொப்பரா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஓம் என்றேன். அவன் மனதில் என்ன ஓடிற்று என்று எனக்குத் தெரியும். ஹொக்கி வீரர்களின் கதை வேறு, இது வேறு என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். ஆனால், ஓர் அணியில் எல்லாரையும் காப்பவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் காப்பதற்கென்று ஒருவரும் நியமிக்கப்படுவதில்லை என்று அவன் சொன்னபோது, அதை மறுக்க என்னிடம் வாதமிருக்கவில்லை.

எங்கள் பையன்களின் ஏணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பாடசாலையில், புனித சவேரியாரிலோ பள்ளிமுனை புனித லூசியாவிலோ ஆடுகிற ஒருவன் நல்லவன் என்று தெரிந்தால், ஊர் அணி அவனை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போகக் கொழும்பு. 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறைத் தொடரான சுப்பர் லீக் தொடங்கியது, பத்துக் கழகங்கள், வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றுகூட இல்லை. பத்தில் மூன்று, முப்படைகளின் கழகங்கள். படைக்கழகத்தில் ஆடுபவனுக்கு மாதச் சம்பளம், தங்குமிடம், பின்னாளில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஏனைய ஊர்ப் பையனுக்கு உதைபந்தாட்டத்தால் வாழ நாட்டில் உள்ள நேரான வழி அதுவே. எங்கள் கரையோரத்துப் பையனுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் அந்த வாசலில் கால்வைக்கும் முன் ஒரு தயக்கம் வரும். எதனால் என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மிஞ்சுவது கொழும்பின் தனியார் கழகங்கள், அல்லது மாலைதீவு.

ஏணியில் ஏறியவர்களை ஓய்வுபெற்ற பிறகு நான் பின்தொடர்ந்து வருகிறேன். வேறு வேலையில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்; உண்மைதான். கொழும்புக்குப் போன ஒருவன் ஆறு மாதம் அறையொன்றில் ஐந்து பேரோடு தங்கி, வாங்கில் அமர்ந்திருந்துவிட்டு வந்து, இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். இன்னொருவன் முழங்கால் சவ்வு அறுந்து திரும்பினான். சத்திரசிகிச்சைச் செலவை ஊர்க்காரரும் ஐரோப்பாவிலுள்ள உறவினரும் சேர்ந்து பொறுத்தார்கள். தேசிய அணியின் பயிற்சிமுகாம் வரை போய்வந்த மூன்றாமவன், அங்கே சிங்களம் தெரியாததால் பயிற்றுநர் சொன்னது பாதி விளங்கவில்லை என்று சொல்லிச் சிரித்தான். இவர்கள் மூவரையும் பற்றி ஒரு வரிச் செய்தியும் வந்ததில்லை. வரவேண்டிய செய்தியுமில்லை, பத்திரிகை இலக்கணப்படி.

2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபீஃபா இடைநிறுத்தியது. அரசியல் தலையீடு என்பது காரணம். ஓகஸ்டில் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. கொழும்பில் அலுவலகக் கதிரைகளில் இருந்தவர்களுக்கு அது ஏழு மாதம். பத்தொன்பது வயதில் முதலாவது அழைப்புக்காகக் காத்திருந்தவனுக்கு அது ஒரு பருவம்; அதற்குள் அடுத்த பதினெட்டு வயதுக்காரன் வந்துவிடுவான்.

இப்பொழுது தேசிய அணியில் வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளியினர் பலர் ஆடுகிறார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தபோது நானும் துள்ளிக் குதித்தேன். முறையான பயிற்சி பெற்ற உடல்கள் அவை, பார்த்தாலே தெரிகிறது. இவர்களை எடுக்கக்கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளுக்கு நாடு ஒரு சட்டையையாவது கொடுக்கட்டும். ஆனால் பனங்கட்டிக்கொட்டிலிருந்து ஒருவர் வெறுங்காலில் தொடங்கித் தேசிய அணியின் பின்களம் வரை நடந்த அந்தப் பாதையில் புல் முளைத்துவிடக்கூடாது என்ற கவலை எனக்குண்டு. வெளிநாட்டில் வளர்ந்தவனுக்கு மருத்துவர் இருக்கிறார், ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்க ஆளிருக்கிறது, தோற்றால் திரும்பிப் போக வேறொரு படிப்பு இருக்கிறது. தீவுப் பையனுக்கு இருந்தது அம்மான் மட்டுமே. அவரும் தள்ளாடிக்கு அப்பால் வரமாட்டார்.

காத்ரியின் கதையை முடித்துவிடுகிறேன். லீவ்ஸ் அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. 2022இல் கொலராடோ அணியோடு அவன் ஸ்டான்லி கிண்ணம் வென்றான். கோல்டன் ஓர் ஓராண்டு கழித்து மறுபடியும் லீவ்ஸுக்கு அழைக்கப்பட்டார், சிறிது காலம் ஆடினார், பின்னர் ஓய்ந்தார். மார்லீஸ் 2018இல் தன் லீக்கின் கோல்டர் கிண்ணத்தை வென்ற இரவு பெறாமகன் அழுதுகொண்டே அழைத்தான். ஸ்காபரோவில் நள்ளிரவு, கீரியில் காலைத் தேநீர் நேரம். லீவ்ஸ் வென்றால்கூட இப்படி அழுவாயா என்று கேட்டேன். "அவங்களைப் பிறகுதானே தெரியும் பெரியப்பா. இவங்களை முதலிலிருந்தே தெரியும்" என்றான்.

இப்போது கச்சான் காலம். பின்னேரங்களில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. உயர்த்தி அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வருகிறது. இந்தக் காற்றில் பந்தைத் தரையோடு வைத்திருக்கத் தெரிந்தவனே பிழைப்பான். எங்கள் அணியின் புதிய ஸ்டொப்பருக்குப் பதினேழு வயது. தகப்பன் கடற்றொழிலாளி. தோள் இன்னும் விரியவில்லை. கோபம் இருக்கிறது, அதை எப்பொழுது செலவழிப்பது என்ற கணக்கு இன்னும் பிடிபடவில்லை. சென்ற வாரம் எங்கள் சின்னப் பையனொருவனை ஒருவன் இடித்து விழுத்தியபோது இவன் ஓடிப்போய்த் தள்ளிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கினான்.

ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டேன். "ஓடிப் போகாத தம்பி. நடந்து போ. நடந்து போனால் நடுவர் பார்க்கமாட்டார், அவன் பார்ப்பான்" என்றேன்.

"போய் என்ன சொல்றது, தாத்தா?"

அம்மான் என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியாது என்றேன். அவன் சிரித்தான். வலது காலின் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது. மணலில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டே, வருகிற சனிக்கிழமை பள்ளிமுனையில் ஆட்டமிருக்கிறது, வருவீர்களா என்று கேட்டான். லொறி மூன்று மணிக்கு.